விசா வந்தாச்சு… வேலைக்குப் போலாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பல்களை எடுத்துவிட்டு, வாசிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறோம்.)

போன வாரம் நமக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. அனுப்பினவரோட அனுமதியோட, பேரை எடுத்துட்டு, அதை அப்படியே போடுறேன்.

"அண்ணா, நான் சத்துவாச்சாரில இருந்து பேசுறேன். ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில ஆறு வருஷமா வேலை பாக்கறேன். இப்ப ஸ்டிச்சிங் லைன் சூப்பர்வைசர். வியட்நாம்ல ஒரு ஃபேக்டரியில ஆள் எடுக்கறாங்கன்னு ஒருத்தர் சொல்றாரு. விசா ஒரு மேட்டரே இல்ல, 25 டாலர்தான், 90 நாளைக்குக் குடுப்பாங்க, அங்க போயி வேலை விசாவா மாத்திக்கலாம்ங்கறாரு. பாஸ்போர்ட்டையும் ஒரு லட்சம் அட்வான்ஸும் குடுன்னு கேக்கறாரு. அம்மா நகையை வெச்சுக்கலாம்னு சொல்றாங்க. போலாமாண்ணா?"

இந்த மெசேஜை நான் நாலு தடவை கேட்டேன். ஏன்னா அந்த ஏஜென்ட் சொன்னதுல பெரும்பகுதி உண்மை. 25 டாலர் உண்மை. 90 நாள் உண்மை. "மாத்திக்கலாம்"ங்கறது கூட பாதி உண்மை. மாட்டிக்கறது அந்த மீதிப் பாதியிலதான். அதனால இந்த எபிசோடுல விசான்னா என்ன, எந்தக் காகிதம் எதுக்கு உதவும், எதுக்கு உதவாதுன்னு வரிசையா பாக்கலாம். உதாரணமெல்லாம் நம்ம பக்கத்து ஆளுங்க போற இடங்கள்: வியட்நாம், வளைகுடா, மிலான், எத்தியோப்பியா.

நாலு கதவு, நாலு சாவி

வெளிநாடு போறதை ஒரே அனுமதின்னு நினைக்கிறோம். உண்மையில அது நாலு.

முதல்ல பாஸ்போர்ட். நீங்க இந்தியக் குடிமகன்னு இந்திய அரசு சொல்ற ஆவணம். இரண்டாவது விசா. "இந்தக் காரணத்துக்காக, இத்தனை நாளைக்கு எங்க வாசலுக்கு வரலாம்"னு போற நாடு சொல்றது. மூணாவது நுழைவு அனுமதி. விமானம் இறங்கினதும் குடியேற்றக் கவுன்ட்டர்ல இருக்கற அதிகாரி குடுக்கறது. விசா இருந்தும் அவர் திருப்பி அனுப்பலாம், அந்த அதிகாரம் அவருக்கு உண்டு. நாலாவது வேலை அனுமதி. அங்க சம்பளத்துக்கு உழைக்கலாம்னு அந்த நாட்டு அரசு குடுக்கறது. அந்தத் தம்பிகிட்ட ஏஜென்ட் இரண்டாவது சாவியைக் காட்டி, நாலாவது கதவும் திறக்கும்னு சொல்றாரு.

இது நமக்குப் புரியாத விஷயமே இல்ல. வேலூர்க்காரங்களுக்கு விசா தினமும் கண்ணு முன்னாடி நடக்குது. சிஎம்சி பக்கம் போனா வங்காள எழுத்துல போர்டு பாக்கறோம் இல்லையா? வங்கதேசத்துல இருந்து சிகிச்சைக்கு வர்றவங்க அத்தனை பேரும் நம்ம நாட்டு விசாவோட வர்றாங்க. சிகிச்சைக்குன்னு மருத்துவ விசா. கூட வர்ற சொந்தக்காரங்களுக்கு உதவியாளர் விசா, அதுவும் அதிகபட்சம் இரண்டு பேருக்கு. லாட்ஜ்ல ரூம் போட்டா, 24 மணி நேரத்துக்குள்ள அவங்க விவரத்தை லாட்ஜ்காரர் ஆன்லைன்ல பதியணும். அதாவது எதுக்கு வந்தாங்க, எங்க தங்கறாங்கன்னு நம்ம அரசு கேக்குது. நாம வெளிய போனா அந்த அரசும் அதையேதான் கேக்கும்.

பாஸ்போர்ட்டுல ஆரம்பிப்போம்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூணு மாவட்டமும் சென்னை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்துக்குக் கீழ வருது. ஆனா எல்லாத்துக்கும் சென்னைக்கு ஓட வேண்டாம். வேலூர் தலைமை அஞ்சலகத்துலயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கு. பெரியவங்களுக்கு 36 பக்கம் கொண்ட சாதாரண பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தத்கால்னா கூடுதலா 2,000. பத்து வருஷம் செல்லும்.

ஆனா "பத்து வருஷம்"ங்கறதை நம்பி ஏமாறக் கூடாது. பல நாடுகள் நீங்க போய் இறங்கற நாள்ல இருந்து இன்னும் ஆறு மாசமாவது பாஸ்போர்ட் செல்லுபடி ஆகணும்னு கேக்கும். அப்படிப் பாத்தா கையில இருக்கறது ஒன்பதரை வருஷ பாஸ்போர்ட்.

அடுத்தது பேரு. இது தமிழருக்குன்னே இருக்கற தலைவலி. நமக்கு இனிஷியலும் பேரும்தான். பாஸ்போர்ட்டுல இனிஷியலை அப்படியே போட விடமாட்டாங்க, விரிச்சு எழுதணும். 'சொந்தப் பெயர்', 'குடும்பப் பெயர்'னு இரண்டு கட்டம் இருக்கும். நம்மள்ல பல பேர் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியா விட்டு, மொத்தப் பேரையும் ஒரே கட்டத்துல போட்டுடறோம். சிலர் அப்பா பேரையும் விட்டுட்டு ஒத்தைப் பேரை மட்டும் வெச்சிருப்பாங்க.

இதுல என்ன ஆகும்னு 2022 நவம்பர்ல பலருக்குப் புரிஞ்சுது. பாஸ்போர்ட்டுல ஒத்தைப் பேரு மட்டும் இருக்கறவங்களை விசிட் விசாவுல உள்ள விடமாட்டோம்னு ஐக்கிய அரபு அமீரகம் அறிவிச்சுது. கடைசிப் பக்கத்துல அப்பா பேரு இருந்தா ஏத்துக்கறோம்னு அப்புறம் விளக்கம் வந்துச்சு. அதுக்குள்ள டிக்கெட் போட்டவங்க பட்ட பாடு தனிக்கதை. பாஸ்போர்ட் எடுக்கும்போதே அப்பா பேரையோ ஊர்ப் பேரையோ குடும்பப் பெயர் கட்டத்துல போட்டுடுங்க. பின்னாடி வர்ற நூறு ஃபார்ம்ல அது உங்களைக் காப்பாத்தும்.

இன்னொண்ணு நம்ம பக்கத்துக்கு மட்டுமே உள்ளது. 2019-ல வேலூர் மாவட்டத்தை மூணாப் பிரிச்சாங்க. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போச்சு. ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆச்சு. அதனால ஒரே வீட்டுல இருக்கறவருக்கே பழைய பாஸ்போர்ட்டுல வேலூர் மாவட்டம்னும் புது ஆதார்ல திருப்பத்தூர் மாவட்டம்னும் இருக்கும். வீடு மாறவே இல்ல, காகிதத்துல மாவட்டம் மாறிடுச்சு. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது முகவரிச் சான்றுல இப்ப என்ன இருக்கோ அதையே விண்ணப்பத்துலயும் போடுங்க. நமக்குச் சின்ன விஷயமா தெரியற வித்தியாசம், தூர தேசத்து அதிகாரிக்கு இரண்டு வேற ஊராத் தெரியலாம்.

வியட்நாம்: 25 டாலர் விசாவோட உண்மைக் கதை

ஏன் வியட்நாம்? ஷூ தொழில்ல இருக்கறவங்களுக்கு இது தெரியும். காலணி ஏற்றுமதியில சீனாவுக்கு அடுத்த இடம் வியட்நாமுக்கு. அங்க பெரிய தொழிற்சாலைகளை நடத்தற தைவான் கம்பெனிகள் நம்ம பக்கமும் வந்திருக்காங்க. செய்யாறுல ஃபெங் டே குழுமம் பல வருஷமா இருக்கு. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்துல ஹாங் ஃபூ தொழிற்சாலைக்கு 2024 டிசம்பர்ல அடிக்கல் நாட்டினாங்க. ஆக ஆம்பூர் லைன்ல கத்துக்கிட்ட வேலைக்கு அங்கயும் மதிப்பு உண்டு. அந்தத் தம்பியோட ஆசையில தப்பே இல்ல.

இப்ப விதிக்கு வருவோம். 2023 ஆகஸ்ட் 15-ல இருந்து வியட்நாம் எல்லா நாட்டவருக்கும் இ-விசா குடுக்குது. 90 நாள் வரைக்கும். ஒரே ஒரு தடவை நுழைய 25 டாலர், பல தடவை நுழைய 50 டாலர். வழக்கமா மூணு வேலை நாள்ல வரும். நிராகரிச்சா காசு திரும்பாது. வேண்டியது பாஸ்போர்ட்டோட விவரப் பக்கம், ஒரு போட்டோ, போற தேதி, எந்த விமான நிலையத்துல இறங்கறீங்க, எங்க தங்கறீங்க, எதுக்குப் போறீங்க. அவ்வளவுதான்.

நீங்களே போன்ல போட்டுடலாம். ஆனா கூகுள்ல தேடினா முதல்ல வர்ற தளங்கள்ல பல, அரசுத் தளம் மாதிரியே வேஷம் போட்ட தனியார் தளங்கள். மூணு மடங்கு நாலு மடங்கு வாங்குவாங்க. முகவரி 'கவ் டாட் வி.என்'னு முடியுதான்னு பாருங்க. வியட்நாம் அரசுத் தளம்னா அப்படித்தான் முடியும்.

நிரப்பும்போது ஒரே ஒரு எழுத்து தப்பினாலும் மாட்டுவீங்க. எங்க பெரியப்பா பையனுக்கு நடந்ததைச் சொல்றேன். டூர் கடை ஒண்ணுல இ-விசா போடச் சொல்லிக் குடுத்துட்டு வந்துட்டான். வந்த விசாவுல பேரு சரி, பிறந்த தேதி சரி. பாஸ்போர்ட் எண்ல மட்டும் இரண்டு எண் இடம் மாறியிருந்துச்சு. அவன் பாக்கல, அவங்களும் பாக்கல. சென்னை விமான நிலையத்துல செக்-இன் கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு பாத்துச்சு. ஏத்தலை. டிக்கெட் போச்சு, அங்க புக் பண்ணின ஹோட்டலும் போச்சு. புதுசா விசா போட்டு அஞ்சு நாள் கழிச்சுக் கிளம்பினான்.

அந்தப் பொண்ணு மேல கோபப்பட்டு பிரயோஜனம் இல்ல. ஆவணம் சரியில்லாத பயணியைக் கொண்டு போனா, திருப்பிக் கூட்டிட்டு வர்ற செலவு விமானக் கம்பெனி தலையில விழும். அதனாலதான் அவங்க அவ்வளவு உன்னிப்பா பாக்கறாங்க. உங்க விசாவை முதல்ல சோதிக்கறது வெளிநாட்டு அதிகாரி இல்ல, மீனம்பாக்கத்துல இருக்கற செக்-இன் கவுன்ட்டர்தான்.

என் பழக்கம் இது. பாஸ்போர்ட் விவரப் பக்கத்துல கீழ அம்புக்குறியா இரண்டு வரி இருக்கும் பாருங்க. அதைத்தான் கருவி படிக்கும். விசா வந்ததும் இரண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, பேரு, எண், பிறந்த தேதி, காலாவதி தேதி நாலையும் விரல் வெச்சு ஒப்பிட்டுப் பாருங்க. இரண்டு நிமிஷ வேலை.

அந்த 90 நாள்ல வேலை பாக்கலாமா?

பாக்கக் கூடாது. சுத்திப் பாக்கவோ, கம்பெனி ஆளைச் சந்திச்சுப் பேசவோ போற விசா அது. லைன்ல நின்னு சம்பளம் வாங்க இல்ல.

2021 ஜனவரி 1-ல இருந்து நடைமுறையில இருக்கற வியட்நாம் தொழிலாளர் சட்டப்படி, வெளிநாட்டவர் அங்க வேலை பாக்கணும்னா வேலை அனுமதி வேணும். அதுக்கு விண்ணப்பிக்கறது நீங்க இல்ல, உங்களை எடுக்கற கம்பெனி. இந்த வேலைக்கு ஏன் உள்ளூர் ஆள் போதாதுன்னு கம்பெனிதான் அரசுக்குக் காரணம் சொல்லணும். உங்க பக்கத்துல இருந்து படிப்பு அல்லது அனுபவச் சான்று, மருத்துவச் சான்று, குற்றப் பின்னணி இல்லைங்கற சான்று போகணும். இந்தக் கடைசிச் சான்றைத்தான் நாம போலீஸ் கிளியரன்ஸ்னு சொல்றோம். அதை பாஸ்போர்ட் சேவை மூலமாவே 500 ரூபாய் கட்டி வாங்கலாம். அனுமதி கிடைச்சா அதிகபட்சம் இரண்டு வருஷம். குறுகிய காலத்துக்கு மெஷின் சரிபார்க்கப் போற நிபுணர்களுக்கு விலக்கு உண்டு. ஆனா அதுக்கும் கம்பெனி முன்கூட்டியே அரசுக்குத் தெரிவிக்கணும்.

அப்ப "அங்க போய் மாத்திக்கலாம்"? அப்படி ஒரு வழி அவங்க சட்டத்துல இருக்கு. இ-விசாவுல போனவர், வேலை அனுமதியோ அதிலிருந்து விலக்குச் சான்றோ கையில இருந்தா, நாட்டை விட்டு வெளிய வராமலே விசாவோட நோக்கத்தை மாத்திக்கலாம். கவனிங்க, அந்தக் காகிதம் முதல்ல வரணும். அதை வாங்கித் தர கம்பெனின்னு ஒண்ணு நிஜமா இருக்கணும். ஏஜென்ட் சொல்லாம விட்ட பாதி இதுதான்.

காகிதம் வராமலே வேலைக்கு நின்னா? பிடிபட்டா நாட்டை விட்டு வெளியேத்துவாங்க. அதைவிட மோசம், பிடிபடாம இருக்கற நாட்கள். சம்பளம் குடுக்கலைன்னு புகார் குடுக்க முடியாது. கையில அடிபட்டா நஷ்ட ஈடு கேக்க முடியாது. ஏன்னா காகிதத்துல நீங்க ஒரு டூரிஸ்ட். ஸ்டிச்சிங் லைன்ல டூரிஸ்டுக்கு என்ன வேலை?

நம்ம நாட்டு விதியும் இதேதான். வியட்நாம்ல இருந்து ஒரு டெக்னீஷியன் இங்க ஷூ கம்பெனியில வேலைக்கு வரணும்னா, அவருக்கு இந்திய வேலை விசா வேணும். பொதுவா வருஷத்துக்கு 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல சம்பளம் இருந்தாத்தான் அதைக் குடுக்கறோம். அவருக்கும் நமக்கும் சில இடத்துல நிலைமை ஒண்ணு, சில இடத்துல வேற. ஆசியான் நாட்டுக்காரர்ங்கறதால அவர் சிங்கப்பூருக்கு விசா இல்லாமலே போறாரு, நமக்கு விசா வேணும். இத்தாலிக்குப் போகணும்னா இரண்டு பேருமே விசா வரிசையில நிக்கணும்.

'இசிஆர்' — கடற்கரைச் சாலை இல்ல

இளசுகள்கிட்ட இசிஆர்னா மாமல்லபுரம் போற ரோடுதான் ஞாபகம் வரும். பாஸ்போர்ட்டுல இசிஆர்னா வேற. வேலைக்கு வெளிநாடு போக அரசோட குடிபெயர்வு அனுமதி தேவைப்படறவர்னு அர்த்தம். 1983-ஆம் வருஷ குடிபெயர்வுச் சட்டம் கொண்டுவந்தது. பத்தாவது பாஸ் பண்ணாதவங்க பாஸ்போர்ட்டுல இது பொதுவா இருக்கும். பத்தாவது பாஸ் சான்றைக் காட்டினா இது வராது. வருமான வரி கட்டறவங்க, 50 வயசைத் தாண்டினவங்களுக்கும் விலக்கு உண்டு. நம்ம பக்கம் டேனரியிலயும் ஷூ கம்பெனியிலயும் எட்டாவதோட வேலைக்கு வந்தவங்க நிறைய. அதனால இதைத் தெரிஞ்சு வெச்சுக்கணும்.

இந்த அனுமதி 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது தேவை. சவுதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் மாதிரி வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா எல்லாம் அதுல வரும். சென்னையில இருக்கற குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம், இ-மைக்ரேட் தளம் வழியா உங்க வேலை ஒப்பந்தத்தைப் பாத்துட்டுத்தான் அனுமதி குடுக்கும். இப்படிப் போறவங்களுக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனாங்கற காப்பீடும் உண்டு. விபத்துல இறந்தாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம் ரூபாய். இரண்டு வருஷத்துக்கு பிரீமியம் 275 ரூபாய்தான். நிறைய பேர் இதை ஒரு தொந்தரவா நினைக்கறாங்க. ஆனா நீங்க கிளம்பறதுக்கு முன்னாடி உங்க ஒப்பந்தத்தை ஒரு அரசு அதிகாரி படிக்கறார்ங்கறதே ஒரு பாதுகாப்பு.

இப்ப முக்கியமான இடம். வியட்நாம் அந்தப் பட்டியல்ல இல்ல. கம்போடியா, லாவோஸ், மியான்மர் எதுவும் இல்ல. அந்த நாடுகளுக்குப் போறவரோட ஒப்பந்தத்தை வேற யாரும் படிக்கப் போறதில்ல. நீங்கதான் படிக்கணும்.

இது எவ்வளவு பெரிய ஓட்டைன்னு 2022-ல தெரிஞ்சுது. தாய்லாந்துல டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலைன்னு கூட்டிட்டுப் போய், எல்லையைத் திருட்டுத்தனமா தாண்ட வெச்சு, மியான்மர்ல ஆன்லைன் மோசடி மையங்கள்ல அடைச்சு வெச்சாங்க. அந்த செப்டம்பர்ல வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விட்டுது. அக்டோபர்ல, மீட்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் சென்னை வந்து இறங்கினாங்க. கம்ப்யூட்டர் தெரிஞ்ச, படிச்ச பசங்க. அவங்களுக்கும் முதல்ல சொல்லப்பட்டது "விசிட் விசாவுல வா, அப்புறம் பாத்துக்கலாம்"ங்கறதுதான்.

ஏஜென்ட் எல்லாரும் மோசம்னு நான் சொல்லல. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கற ஏஜென்ட் மத்திய அரசுகிட்ட பதிவு பண்ணியிருக்கணும். பதிவு எண்ணை இ-மைக்ரேட் தளத்துல நீங்களே தேடிப் பாக்கலாம். பதிவு பெற்றவர் வாங்கக் கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதுக்கு மேல ஜிஎஸ்டி. தமிழ்நாடு அரசே 1978-ல இருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒண்ணை நடத்துது, சென்னையில இருக்கு. ஒரு லட்சம் அட்வான்ஸ் கேட்டவர் இந்தக் கணக்குல எங்க வர்றாருன்னு நீங்களே பாத்துக்கோங்க.

மிலான் போற சாமி, நாளை எண்ணு

நம்ம பக்கத்துல இன்னொரு கூட்டம் இருக்கு. டேனரி ஓனர் வீட்டுப் பசங்க, மெர்ச்சண்டைசர், டிசைனர். பிப்ரவரியும் செப்டம்பரும் வந்தா மிலான்ல நடக்கற லினியாபெல்லே தோல் கண்காட்சிக்குக் கிளம்புவாங்க. அதுக்கு ஷெங்கன் விசா. ஒரே விசாவுல 29 ஐரோப்பிய நாடுகள்.

பெரியவங்களுக்குக் கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைஞ்சு போகக் கூடாது. கண்காட்சிக்கு முந்தின மாசத்துல அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறதே கஷ்டம், அதனால முன்கூட்டியே போடுங்க. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேணும். ஐரோப்பாவை விட்டு வெளிய வர்ற நாள்ல இருந்து மூணு மாசம் பாஸ்போர்ட் செல்லணும், இரண்டு பக்கமாவது காலியா இருக்கணும். எந்த நாட்டுல அதிக நாள் தங்கறீங்களோ அந்த நாட்டுகிட்டதான் விண்ணப்பிக்கணும். சீக்கிரம் ஸ்லாட் கிடைக்குதுன்னு வேற நாட்டுல போட்டுட்டு நேரா மிலான் போய் உக்காந்தா, அடுத்த தடவை கேள்வி வரும்.

எல்லாரும் குழம்பறது நாள் கணக்குலதான். ஷெங்கன் பகுதியில எந்த 180 நாளை எடுத்தாலும் மொத்தம் 90 நாளுக்கு மேல இருக்கக் கூடாது. இது ஜனவரி-ஜூன், ஜூலை-டிசம்பர் கணக்கு இல்ல. அங்க இருக்கற ஒவ்வொரு நாளும் பின்னாடி 180 நாளை எண்ணணும். நீங்க செப்டம்பர் 20-ஆம் தேதி மிலான்ல இருக்கீங்கன்னு வைங்க. பின்னாடி எண்ணினா மார்ச் 25-ல போய் நிக்கும். பிப்ரவரி கண்காட்சிக்குப் போன 10 நாள் கணக்குலயே வராது. மே மாசம் பையரைப் பாக்கப் போன 20 நாள் வரும். போன நாள், வந்த நாள் இரண்டும் சேரும்.

இன்னொரு பொறி. விசா ஸ்டிக்கர்ல செல்லுபடி தேதி ஒண்ணு இருக்கும், தங்கும் நாட்கள்னு ஒரு எண் இருக்கும். இரண்டும் ஒண்ணு இல்ல. ஒரு மாசத்துக்குச் செல்லும் விசாவுல தங்கும் நாள் 12-ன்னு இருந்தா, 12 நாள்தான். 2025 அக்டோபர் 12-ல இருந்து ஐரோப்பாவுல முத்திரைக்குப் பதிலா கைரேகை, முகப் படத்தோட கணினியில பதியற முறை ஆரம்பிச்சாச்சு. நாளை இனி கம்ப்யூட்டரே எண்ணும்.

ஒழுங்காப் போயிட்டு வர்றவங்களுக்குப் பலனும் உண்டு. 2024 ஏப்ரல்ல இந்தியர்களுக்குன்னு ஐரோப்பிய ஆணையம் ஒரு விதி கொண்டுவந்துது. முந்தின மூணு வருஷத்துல இரண்டு ஷெங்கன் விசா வாங்கி முறையாப் பயன்படுத்தியிருந்தா, அடுத்து இரண்டு வருஷத்துக்குப் பலமுறை நுழையும் விசா கிடைக்கலாம். அதுக்கப்புறம் அஞ்சு வருஷம். நீங்க திரும்பி வந்த ஒவ்வொரு தடவையும் உங்க பேருக்கு ஒரு மார்க் சேருது.

எத்தியோப்பியா: விசாவோட ஊசியும்

தோல் வேலை தெரிஞ்ச டெக்னீஷியன்கள் எத்தியோப்பியா மாதிரி ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போறாங்க. அவங்க மறக்கறது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அந்த நோய் இருக்கற நாட்டுல இருந்து சான்று இல்லாம இந்தியாவுக்குத் திரும்பினா, நம்ம விமான நிலையத்துலயே பிடிச்சு ஆறு நாள் வரைக்கும் தனிமைப்படுத்தலாம். வெளிநாட்டுல இல்ல, சொந்த ஊர்ல! கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல ஊசி போடறாங்க. போட்டு பத்து நாள் கழிச்சுத்தான் சான்று செல்லும். ஒரு தடவை போட்டா ஆயுசு முழுக்கப் போதும்.

வழியில இறங்கற நாடு

நேரடி விமானம் இல்லைன்னா சிங்கப்பூர், பாங்காக், கோலாலம்பூர் வழியா போவோம். ஒரே டிக்கெட்டா இருந்தா பெட்டி நேரா போயிடும், நீங்க உள்ளேயே காத்திருந்து ஏறிடலாம். காசு மிச்சம்னு இரண்டு தனி டிக்கெட் போட்டா, வழியில பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் பண்ண அந்த நாட்டுக்குள்ளேயே நுழைய வேண்டி வரும். அப்ப அந்த நாட்டு விசா விதியும் உங்களுக்குப் பொருந்தும். பாங்காக்ல இரண்டு விமான நிலையம் வேற இருக்கு. சுவர்ணபூமியில இறங்கி டான் முவாங்ல ஏறணும்னா தாய்லாந்துக்குள்ள போய்த்தான் ஆகணும்.

கவுன்ட்டர்ல என்ன சொல்றது?

உண்மையை. சுருக்கமா. எங்க போறீங்க, எதுக்கு, எத்தனை நாள், எங்க தங்கறீங்க, திரும்பற டிக்கெட் எங்க. உங்க வாய் சொல்றதும் விசா சொல்றதும் பெட்டியில இருக்கற காகிதம் சொல்றதும் ஒரே கதையா இருக்கணும். "யாராவது கேட்டா டூர்னு சொல்லு"ன்னு ஏஜென்ட் சொல்லிக் குடுத்தா, அந்த இடத்துலயே புரிஞ்சுக்கணும். சரியான விசான்னா பொய் சொல்ல வேண்டிய அவசியமே வராது.

சரி, அந்தத் தம்பிக்கு என்ன பதில்?

நான் "போகாதே"ன்னு சொல்லல. ஏஜென்ட்கிட்ட அஞ்சு கேள்வி கேக்கச் சொன்னேன்.

1. கம்பெனி பேரும் முகவரியும் எழுத்துல குடுப்பீங்களா?

2. சம்பளம், வேலை நேரம், தங்குமிடம் போட்ட ஒப்பந்தம் கிளம்பறதுக்கு முன்னாடி கைக்கு வருமா?

3. வேலை அனுமதிக்குக் கம்பெனி விண்ணப்பிச்சாச்சா? அதோட நகல் எங்க?

4. உங்க பதிவு எண் என்ன?

5. குடுக்கற பணத்துக்கு ரசீது உண்டா?

கூடவே, பாஸ்போர்ட்டை யார்கிட்டயும் விட்டுட்டு வராதேன்னு சொன்னேன். 1967-ஆம் வருஷ பாஸ்போர்ட் சட்டப்படி அது மத்திய அரசோட சொத்து. உன் பேர்ல இருக்கு, ஆனா அடகு வெக்க உனக்கே உரிமை இல்ல, பிடிச்சு வெக்க ஏஜென்ட்டுக்கு ஏது? விண்ணப்பத்துக்கு ஸ்கேன் காப்பி போதும். சந்தேகம் இருந்தா வெளியுறவு அமைச்சகத்தோட பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா இலவச எண் 1800 11 3090-க்குப் போன் பண்ணிக் கேளுன்னும் சொன்னேன்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டணமும் நாள் கணக்கும் அடிக்கடி மாறும். டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அந்த நாட்டு அரசுத் தளத்துல ஒரு தடவை பாத்துடுங்க. ஆனா காரணமும் விசாவும் பொருந்தணும்ங்கற விதி மட்டும் எந்த நாட்டுலயும் மாறாது.

நேத்து அந்தத் தம்பிகிட்ட இருந்து இன்னொரு மெசேஜ் வந்துச்சு. அஞ்சு கேள்வியையும் வாட்ஸ்அப்ல டைப் பண்ணி ஏஜென்ட்டுக்கு அனுப்பிட்டாராம். இரண்டு நீல டிக் விழுந்திருக்கு, பதில் வரல. "வர்ற வரைக்கும் அம்மா நகை வீட்லயே இருக்கட்டும்ணா"ன்னு முடிச்சிருந்தாரு.

இருக்கட்டும். அடுத்த வாரம் பாக்கலாம், வணக்கம்.